கேட்டதைக் கொடுக்காதவர்

உருளைக்கிழங்கு கேட்டால் புடலங்காய் கொடுப்பார். கருவாடு கேட்டால் முட்டை கொடுப்பார். எதுவும் கேட்காமல் நின்றால், "வாயில என்னா, கொழுக்கட்டையா?" என்று திட்டிவிட்டு ஒரு கட்டு காங்கோங் கீரையைக் கையில் திணிப்பார்.

லிங்கி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் செம்பனைத் தோட்டங்களில் பல வருடங்கள் காய்கறி வேன் ஓட்டியவர் அவர். பெயர் எனக்குத் தெரியும். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்துவிட்டேன். தோட்டத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் வேனக்காதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். முழங்கால் வலியால் வேனை விற்றுவிட்டு, ஜொகூரில் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி. அந்த மகள் சமையலறையில் யார் கேட்டது யாருக்குக் கிடைக்கிறதோ.

ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. உரக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த தொப்பி. கழுத்தில் துண்டு. தொப்பிக்குக் கீழே மின்னும் மூக்குத்தியைப் பார்த்தால்தான் தூரத்திலிருந்து பெண் என்று தெரியும். வேனின் ஹாரன் எப்போதோ கெட்டுவிட்டது. அதைச் சரி செய்ய வேண்டிய தேவையே அவருக்கு ஏற்படவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து முனையில் திரும்பும்போதே குரல் வந்துவிடும்.

"யாரும் இருக்கீங்களா, இல்ல எல்லாரும் சிங்கப்பூருக்குப் போயிட்டீங்களா?"

அவர் வியாபாரம் செய்யும் முறை வேறு எங்கும் நான் பார்க்காதது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பை. அதில் என்ன இருக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்து, வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டுக் கொண்டு வருவார். முதலில் அந்தப் பையை வாங்க வேண்டும். பிறகுதான் திறந்த கூடைகளில் கிடக்கும் வெங்காயம், வெண்டிக்காய், மிளகாயைத் தொடலாம். பையை அங்கேயே பிரித்துப் பார்க்க முடியாது. அந்த முடிச்சுக்கு வீட்டுக்குப் போய்க் கத்தி எடுக்க வேண்டும். பிரித்தால் உள்ளே நிச்சயமாக நாம் கேட்டது இருக்காது.

"நாங்க என்னா ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கோம், வச்சதத் திங்க?" என்று என் மாமியார் வாரம் தவறாமல் கேட்பார்.

"அங்க போய்ப் படுக்காம இருக்கத்தான் குடுக்கறேன். பிடிலா."

திமிர் பிடித்தவள் என்பதுதான் அவருக்குத் தோட்டத்தில் இருந்த பெயர். அப்படியும் ஏன் வாங்கினார்கள் என்றால், டவுன் தூரம். காய் புதியது. இன்னொன்றும் உண்டு. அந்த லயத்தில் பகல் வேளையில் வேறு பொழுதுபோக்கு கிடையாது. வேனக்காவிடம் இந்த வாரம் யார் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பதை வைத்து அடுத்த வாரம் வரை ஓட்டலாம்.

நான் கோலா பிலாவில் வளர்ந்தவள். பாலர் பள்ளி ஆசிரியைக்குப் படித்துவிட்டு, கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்தேன். கணவர் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மோட்டார் சைக்கிளில் போய்வருவார். மாமியார் தோட்டத்தில் வேலை செய்ததால் கிடைத்த லயத்து வீட்டில் மூவரும் இருந்தோம். வந்த புதிதிலேயே வேனக்காவைப் பார்த்து எனக்குப் பயம். அவர் வரும் நாளில் மாமியாரை அனுப்பிவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் நிற்பேன்.

மகள் வயிற்றில் இருந்தபோது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில், எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பிறகு கணவருக்கும் இருப்பது தெரிந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்பதை நாங்கள் இருவரும் பேசி, அழுது, முடித்துவிட்டோம். அதை மறுபடி இங்கே திறக்க வேண்டாம். மருந்து நன்றாக வேலை செய்தது. கிருமி அடங்கியது. மகள் நோயில்லாமல் பிறந்தாள். தாய்ப்பால் வேண்டாம் என்று கிளினிக்கில் பால்மாவு கொடுத்தார்கள். மாமியாருக்கு எதுவும் தெரியாது. எனக்குப் பால் சுரக்கவில்லை என்றும், நான் தினமும் போடும் மாத்திரை சத்து மாத்திரை என்றும் அவர் நம்பினார். நம்பினாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கிருமி அடங்கியதும் வேறொன்று தலை தூக்கியது. கர்ப்பத்தில் வந்த இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, பிரசவத்துக்குப் பிறகும் முழுதாகப் போகவில்லை. உடம்பு ஊதியது. கொழுப்பு ஏறியது. டாக்டர் ஒரு நாள் நிதானமாகச் சொன்னார். "இந்த மருந்தோட நீங்க ரொம்ப வருஷம் இருக்கப் போறீங்க. அதனால மத்தவங்களுக்கு வர்ற வியாதி உங்களுக்கும் வரும். கொஞ்சம் சீக்கிரமாவே வரலாம். இனிமே சாப்பாட்டத்தான் பாக்கணும்." எனக்கு வியாதி என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. ரொம்ப வருஷம் இருக்கப் போகிறேன் என்று அவர் சொன்னது, பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

எங்களைப் போன்றவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுத்து உதவும் ஒரு சிறு குழுவோடு கிளினிக் மிஸ்ஸி என்னைச் சேர்த்துவிட்டார். நர்ஸை அங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். முதல் தடவை உதவி காரில் வந்தது. வெள்ளை அரிசி, சீனி, டின் பால், மீ நூடுல்ஸ் பாக்கெட், கிரீம் பிஸ்கட். முன்காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் மெலிந்து எலும்பாகிவிடுவார்கள். அதனால் உதவி என்றாலே உடம்பைத் தேற்றுகிற சாமான் என்று ஆகிவிட்டிருந்தது. மாமியார் டின் பாலில் மணக்க மணக்கத் தேநீர் கலந்து குடித்தார். அவருக்கும் இனிப்பு நீர் உண்டு. லயம் முழுக்க ஒரே கேள்வி, யார் அந்தக் கார்க்காரர்கள் என்று. வட்டிக்காரன் வீடு தேடி வந்துவிட்டான் என்றே பக்கத்து வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு குழுவினரும் கிளினிக்கின் உணவு ஆலோசகரும் பேசிச் சாமானை மாற்றினார்கள். கீரை, காய், முட்டை, பருப்பு, கெம்போங் மீன், தவிட்டு அரிசி. மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டு, "இனிமே கார் வராதும்மா. உங்க தோட்டத்துக்கு வர்ற காய்கறி வேன்லயே பை வந்துடும். உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

எந்த வேன் என்று கேட்டேன். வேனக்காவின் வேன்தான். ஏழெட்டுத் தோட்டம் சுற்றுகிற வாய். யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகன் யாரோடு ஓடினான் என்பதெல்லாம் கத்திரிக்காயோடு சேர்ந்து வருகிற வேன். அதில் என் விஷயத்தை ஏற்றி அனுப்புவதா? ஆனால் கார் மறுபடி வருவதை நினைத்தேன். சம்மதம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு, ஆட்டியிருக்க வேண்டாமோ என்று மூன்று நாளும் அதே நினைப்பு.

சனிக்கிழமை வேன் வந்தது. மாமியாரை முந்திக்கொண்டு நானே போனேன். வேனக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு சிவப்புப் பையை நீட்டினார். எல்லோர் கையிலும் இருந்த அதே பை, அதே இரண்டு முடிச்சு. கொஞ்சம் கனம் அதிகம். வளர்த்த விதம் அப்படி, வாய் தானாக முணுமுணுத்தது.

"நன்றிக்கா."

அவர் முகம் கடுகடுத்தது. கீழே உருண்ட வெங்காயத்தைப் பொறுக்குவது போலக் குனிந்து, என் காலடியிலிருந்து மெதுவாகச் சொன்னார். "நன்றி கின்றின்னே, அவ்ளோதான். இங்க ஒருத்தி எனக்கு நன்றி சொன்னதில்ல. கொற சொல்லு."

நிமிர்ந்ததும் குரல் மாறிவிட்டது. "என்னா பாக்கறே? பிடிக்கலியா?"

சுற்றிலும் நான்கைந்து பெண்கள். எனக்குச் சண்டை போட வராது. பள்ளியில் என் பென்சிலை எடுத்தவளிடம்கூட நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

"அக்கா, அந்தக் கத்திரிக்காய் கொஞ்சம்…"

"கொஞ்சம் என்னா?"

"சின்னதா இருக்கு."

"நீ மட்டும் என்ன பனைமரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். கனமான பையோடு அத்தனை பேர் நடுவில் நடந்து வீட்டுக்கு வந்தேன். யாரும் பையைப் பார்க்கவில்லை. என்னைப் பனைமரம் இல்லை என்று சொன்னதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே கீரைக்கு அடியில் ஐஸோடு சுற்றிய மீனும், தவிட்டு அரிசியும் இருந்தன. மற்ற வீட்டுப் பைகளில் அவை இருக்காது. அந்த முடிச்சு எனக்கு எவ்வளவு வசதி என்று அப்போதுதான் புரிந்தது. மாமியார் கேட்டால் சொல்வதற்கும் வேனக்காவே ஒரு கதை வைத்திருந்தார். என் கணவர் செனாவாங்கில் முன்கூட்டியே பணம் கட்டிச் சொல்லிவைத்த சாமானாம். "உன் மகனுக்கு நாக்கு நீளம், மீனு வேணுமாம்" என்று மாமியாரிடமே நொடித்தார். மகனுக்கு நாக்கு நீளம் என்றால் எந்தத் தாய்க்குத்தான் பெருமையில்லை. தவிட்டு அரிசியைப் பார்த்துத்தான் மாமியார், "இது கோழிக்குப் போடறதுலா" என்றார். சமைத்துப் போட்டபோது இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. இறங்காமல் போனது அவருடைய இனிப்பு நீருக்கும் நல்லதாகத்தான் முடிந்தது. அந்தப் புண்ணியத்தை அவர் இன்றுவரை அம்மன் கோயிலில் வைத்த வேண்டுதலுக்கே கொடுக்கிறார்.

வேனக்கா நோயின் பெயரை என்னிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. ஆனால் அந்த வாய் எதைப் பேசும், எதைப் பேசாது என்பதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன்.

மகளுக்கு அப்போது ஐந்தாறு மாதம். இடுப்பில் வைத்துக்கொண்டு வேனுக்குப் போயிருந்தேன். கணக்குப்பிள்ளை வீட்டுக்கு எதிரில் இருக்கும் ஓர் அம்மாள், எல்லோருக்கும் கேட்க, "ஏம்மா, புள்ளைக்கு ஏன் தாய்ப்பாலே குடுக்கல? ஒடம்புக்கு ஏதும் பிரச்சினையா? நல்லாத்தானே குண்டா இருக்கே?" என்றார். கெட்ட எண்ணம் இல்லாத கேள்வி. எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது. சொல்லிவைத்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் தேடிக்கொண்டே மகளை மறு இடுப்புக்கு மாற்றினேன்.

"எவ என் வெண்டிக்காய ஒடிச்சது?"

வேனே அதிர்ந்தது. வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்காத தமிழ்ப் பெண் உண்டா? அங்கே நின்ற எல்லோரும் ஒடித்திருந்தார்கள். வேனக்கா நுனி உடைந்த ஒவ்வொரு காயாக எடுத்து, கொலைக்கேஸ் சாட்சி போலத் தூக்கிக் காட்டினார். "இது யாரு? இது யாரு? உங்க வீட்டுப் புள்ள விரல இப்பிடி ஒடிச்சுப் பாப்பீங்களா, முத்தலா பிஞ்சான்னு?" கேள்வி கேட்ட அம்மாளே தன் கையிலிருந்த காயை முந்தானைக்குள் மறைக்க, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ரகளை. அது முடிந்தபோது தாய்ப்பால் யாருக்கும் ஞாபகமில்லை. நான் மெல்ல நகர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் வெண்டிக்காய் திறந்த கூடையில்தான் கிடந்தது. எல்லோரும் ஒடித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவரை மகான் என்று நினைத்துவிட வேண்டாம். வேன் படியில் உட்கார்ந்து, டின் பால் சொட்டச் சொட்ட, நிறமே தெரியாத தேநீர் குடிப்பார். "எங்களுக்கு மட்டும் பாவக்காயா?" என்று கேட்டால், "எனக்குச் சொல்ல யாரும் வேன் ஓட்டி வரல" என்பார். சாப்பாட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்வார். கிளினிக்கில் சொல்வதைக் கொண்டுவருவார், அவ்வளவுதான். நானோ எல்லாவற்றையும் போனில் தேடுகிறவள். பாகற்காய் இந்த மருந்தோடு ஒத்துப்போகுமா, மீனில் பாதரசம் இருக்கிறதாமே, தவிட்டு அரிசியில் வேறு ஏதோ இருக்கிறதாமே என்று அவரிடம் கேட்டு நச்சரித்தேன். ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

"மருந்து சந்தேகத்த டாக்டர்கிட்ட கேளு. மத்ததுக்கு, போன மூடிட்டு கீரைய ஆய்."

இன்றும் போனில் எதையாவது தேடிப் பயந்துபோகும்போது அந்தக் குரல் கேட்கும். எழுந்து போய்க் கீரை ஆய்வேன்.

என் கணவரையும் விடவில்லை. ஒரு மாலை அவர் வேலை முடிந்து வரும்போது, தோட்டத்து மண்சாலையில் வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினாராம். மோட்டார் கைப்பிடியில் தொங்கிய பையைத் தன் ஒற்றை விரலால் விலக்கிப் பார்த்தார். பீசாங் கோரெங். மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், எண்ணெய் வழிய வழிய.

"தம்பி, இது யாருக்கு?"

"வீட்டுக்குங்கக்கா."

"வீட்டுல யாருக்கு?"

கணவர் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதில் இரண்டை வேனக்கா அங்கேயே நின்று தின்றுவிட்டு, மீதியை வேனில் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு பச்சை வாழைப்பழத்தைக் கைப்பிடியில் மாட்டிவிட்டாராம். "நாலு நாள் கழிச்சுப் பழுக்கும். அதுவரைக்கும் பொறுமையா இருக்கக் கத்துக்க." வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, பரிசோதனை முடிவு வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் கணவர் வயிறு குலுங்கச் சிரித்ததைப் பார்த்தேன்.

எங்களுக்கு இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மற்றவர்களுக்குப் பொறுமை தீர்ந்தது. போர்ட்டிக்சன் பக்கமிருந்து ஒரு பையன் புதிதாக வேன் ஓட்டி வந்தான். கேட்டதைக் கொடுத்தான். அண்ணி, அக்கா என்று குழைந்தான். உருளைக்கிழங்கு மூட்டையாகவே வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் கூடிப் பேசினார்கள். வரும் சனிக்கிழமை வேனக்காவிடம் ஒருத்தியும் போகக்கூடாது. அப்போதுதான் திமிர் அடங்கும். முன்னால் நின்று பேசியவர் என் மாமியார்.

வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னார். சரிங்கத்தே என்றேன். லயமே வாங்காவிட்டால், என் ஒருத்தியின் பைக்காக அவர் எப்படி வருவார்? வந்தாலும் அது எனக்குத்தான் என்று தெரிந்துவிடும். வராவிட்டால் மறுபடி கார். இல்லையென்றால் பையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழையபடி மீ பாக்கெட். மகள் முகத்தைப் பார்த்தேன். இவள் பள்ளிக்கூடம் போகும்போது நான் நடமாட்டத்தோடு இருக்க வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வேன் வந்து நின்றது. "எல்லாரும் சிங்கப்பூருக்குப் போயிட்டீங்களா?" என்ற குரலுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னல் இடுக்கில் எல்லாக் கண்களும் இருந்தன. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். அவர் தலை அவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எழுந்து கூடைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். இன்ஜின் சத்தம் கேட்டது.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாது. வேன் முன்னால் போய் நின்ற பிறகுதான், ஜன்னல்கள் எல்லாம் என்னைப் பார்க்கின்றன என்பது தெரிந்தது. போய் வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள். அப்போது, குறை சொல் என்று அவர் சொல்லிக் கொடுத்தது வாயில் வந்தது.

"உருளைக்கிழங்கு எங்கக்கா?" கத்தினேன். என் குரலா அது என்று மகளே திரும்பிப் பார்த்தாள். "எத்தன வாரமா கேக்கறேன்? கீரையாத் தின்னுத் தின்னு வீட்டுல எல்லாரும் ஆடா மாறிட்டோம். வியாபாரம் பண்றீங்களா, இல்ல பட்டியில தழை போடறீங்களா?"

வேனக்கா இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆடுகூட எங்கிட்ட இப்பிடிக் கத்தினதில்லலா."

"கத்தாம? காசுதானே குடுக்கறோம், கல்லா குடுக்கறோம்?"

"உன் வயசுக்கு என்னா வாய் உனக்கு? இந்த வாய்க்கு உருளைக்கிழங்கு ஒண்ணுதான் கொறச்சல்."

ஒரு கதவு திறந்தது. அடுத்த கதவு. சண்டையைக் கதவிடுக்கில் பார்த்து யாருக்குத் திருப்தி வரும்? முதலில் வாசலுக்கு வந்தார்கள், பிறகு முற்றத்துக்கு. வேகமாக வந்தவர் என் மாமியார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "யார ஆடுங்கற? என் மருமவளயா ஆடுங்கற? அவ டிப்ளமா படிச்சவ தெரியுமா?" என்று வேனக்காவின் முகத்துக்கு நேரே கையை நீட்டினார்.

"டிப்ளமா படிச்சா புடலங்கா எறங்காதா?" என்று கேட்டு, நீட்டிய அந்தக் கையில் ஒரு சிவப்புப் பையை மாட்டினார் வேனக்கா. மாமியார் பழக்க தோஷத்தில் பிடித்துக்கொண்டார். மறியலைத் தொடங்கியவரே பை வாங்கியாகிவிட்டது. அப்புறம் மற்றவர்களுக்கு என்ன? ஆளுக்கொரு வசவை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பையை வாங்கினார்கள்.

கடைசியாக என் பையை நீட்டும்போது வேனக்கா உதடு அசையாமல் சொன்னார். "இப்பத்தான்டி நீ இந்தத் தோட்டத்துக்காரி."

எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது. டிப்ளமாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சில மாதம் கழித்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. கொழுப்பு முழுதாக இறங்கவில்லை, ஆனால் வழிக்கு வந்துகொண்டிருந்தது. டாக்டர் முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு நான் முதலில் சொல்ல நினைத்தது கணவரிடமல்ல. ஆனால் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை, கூட்டத்துக்கு நடுவில், "போன வாரப் பீர்க்கங்கா ஒரே நாருக்கா" என்று தொடங்கினேன். வழக்கம்போல் முறைக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ரத்தம் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்கக்கா."

"ம்."

திரும்பி யாரையோ எதற்கோ திட்டினார். ஆனால் அன்று லயத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா கிடைத்தது. வேனக்காவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

மாமியார் வேலையிலிருந்து நின்ற பிறகு லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. செனாவாங்கில் ஒரு தாமானில், அடுக்கடுக்காய் வீடுகள் கட்டிய குடியிருப்பில், வீடு பார்த்தோம். அங்கே மகளைச் சேர்க்கும் பாலர் பள்ளியிலேயே எனக்கும் வேலை கிடைத்தது. சாமான் ஏற்ற லாரி வந்த நாள் சனிக்கிழமையாக அமைந்தது. கட்டில், பீரோவெல்லாம் ஏறிய பிறகு வேன் வந்தது. அவரிடம் என்ன சொல்வதென்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதில் நன்றி என்ற சொல் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். எதையும் சொல்ல விடவில்லை. ஒரு சிவப்புப் பையை மகள் மடியில் வைத்துவிட்டு, "லாரிய எடுக்கச் சொல்லு, வழிய அடைச்சுக்கிட்டு" என்றார்.

லாரி நகர்ந்தது. மகளையும் என்னையும் மாமியாரையும் முன்னால் ஏற்றியிருந்தார்கள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. பையின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். பிரிந்தது.

உருளைக்கிழங்கு. பை நிறைய, மண் வாசனையோடு, ஒரே அளவாகப் பொறுக்கியெடுத்த உருளைக்கிழங்கு.

மாமியார் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"முன்னயெல்லாம் இவ இப்பிடித்தாம்மா இருந்தா" என்றார். "நாம கேட்டதக் குடுப்பா. கூடையெல்லாம் தொறந்து கெடக்கும், நாமளே பொறுக்கிப்போம். ஒரு வார்த்த அதிந்து பேச மாட்டா. தங்கமான பொம்பளைன்னு பேரு. திடீர்னு ஒரு நாள் செவப்புப் பையில கட்டிக் கொண்டாந்தா. இதத்தான் தருவேன், எடுத்தா எடு, இல்லாட்டிப் போன்னா. என்னா வந்துச்சோ. அன்னைக்குப் புடிச்ச திமிரு."

"எப்பங்கத்தே அது?"

"அதெல்லாம் ரொம்ப முந்தி. நீ கல்யாணமாகி வர்றதுக்கு மின்ன."

இவ்வளவு நாளும் அந்தச் சிவப்புப் பை, அந்த முடிச்சு, அந்த வாய் எல்லாம் அவருடைய பிறவிக் குணம் என்றும், அதன் மறைவில் என் பையை ஒளித்துக் கொண்டுவந்தார் என்றும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. எனக்கு முன்பே அந்த லயத்தில் யாரோ ஒருவருக்குப் பை வந்திருக்கிறது. கார் வேண்டாம், வேனில் வரும் என்று மிஸ்ஸி அவ்வளவு சுலபமாகச் சொன்னது அதனால்தான். அந்த ஒரு பை தனியாகத் தெரியக்கூடாது என்பதற்காக எல்லோர் பையையும் கட்டியிருக்கிறார். ஒருவருக்கு வேண்டியதை மறைத்துக் கொடுப்பதற்காக எல்லோருக்கும் கேட்டதைக் கொடுப்பதையே நிறுத்தியிருக்கிறார். தங்கமான பொம்பளை என்று இருந்த பேரை அதற்காகத் தூக்கிப் போட்டுவிட்டு, இத்தனை வருடமும் வசவு வாங்கியிருக்கிறார். அந்த யாரோ ஒருவர் இன்னும் அங்கேதான் இருக்கலாம். என்னோடு வேனில் நின்று வெண்டிக்காய் ஒடித்தவராக இருக்கலாம். மறியல் அன்று ஜன்னலுக்குப் பின்னால் என்னைப் போலவே கலங்கி நின்றவராகவும் இருக்கலாம்.

லாரி முனையில் திரும்பியபோது லயத்து வீடுகளின் நீலக் கதவுகள் வரிசையாகத் தெரிந்தன. எந்தக் கதவு என்று என் கண் தேடத் தொடங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னால் வேனிலிருந்து குரல் கேட்டது. யாரோ எதையோ கேட்டிருக்க வேண்டும். "அதெல்லாம் கெடையாது. பிடிலா."

மாமியாரும் அதைக் கேட்டார். உருளைக்கிழங்கைப் பைக்குள் திரும்பப் போட்டு, பெருமூச்சு விட்டார்.

"எவ்ளோ நல்ல மனுஷி. எப்பிடிக் கெட்டுப்போயிட்டா பாரு."

"ஆமாங்கத்தே," என்றேன். "ரொம்பத் திமிரு."